சுவர் பார்த்தல்

திருமண விவரத்தாளில் சம்பளத்துக்குக் கீழே, எதிர்பார்ப்புகளுக்கு மேலே ஒரு வரி இருந்தது. அதை யாரும் படித்ததே இல்லை. பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், இசை கேட்டல், நடைப்பயிற்சி. எல்லா மாப்பிள்ளைகளும் அதையே எழுதினார்கள். எல்லாப் பெண்களும் அதையே எழுதினார்கள். வேறு யாருடைய தாளையோ பார்த்து நகலெடுத்த அப்பாக்கள் பெயரை மாற்றினார்கள், நட்சத்திரத்தை மாற்றினார்கள், அந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கடிதத்தின் முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுவதைப் போல அது ஒரு மரியாதை.

'மெய்' வந்த பிறகு எல்லோரும் அந்த வரியைத்தான் முதலில் படித்தார்கள்.

மணிக்கட்டில் ஒரு பட்டை, காதோரம் ஒட்டிக்கொள்ள ஒரு பொட்டு. அவ்வளவுதான் மெய். இரண்டு வாரம் கட்டியிருந்தால் ஒரு மனிதனுக்கு உண்மையில் எது பிடிக்கும் என்று அது சொல்லிவிடும். கர்நாடக இசை என்று எழுதியிருந்த ஒரு வங்கி மேலாளருக்கு, பொக்லைன் இயந்திரம் பள்ளம் தோண்டுவதை வேடிக்கை பார்ப்பதில்தான் பேரின்பம் என்று தெரியவந்தது. நடைப்பயிற்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு நடையின் முடிவில் இருந்த வடைக்கடைதான் பொழுதுபோக்கு. ஒரு பல் மருத்துவருக்கு, அடுத்த வீட்டில் சண்டை நடக்கும்போது தன் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது. நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. வடைக்காரர் ஒருவருக்கு வடைக்காரி ஒருத்தி அமைந்து இருவரும் நன்றாக இருப்பதாகவும் கேள்வி.

இந்தக் கலவரத்தில் திருச்சியில் கவலையில்லாமல் இருந்த ஒரே வரன் யுகேந்திரன்தான். அவன் விவரத்தாளில் 'புத்தகம் வாசித்தல்' என்று மட்டும் இருந்தது. அது உண்மை.

யுகேந்திரனுக்குக் காவிரியின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் வேலை. ஆறு ஏறினால் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாட்களில் ஆறு ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஹாலில் உட்கார்ந்து புத்தகத்தை எடுப்பான். ஒரு பத்தி படிப்பான். விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடுவான். பிறகு எதிரே இருக்கும் சுவரைப் பார்ப்பான். மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஈரம் இறங்கி, அதில் தேச வரைபடம் போல ஒரு கறை. படித்ததெல்லாம் அவனுக்கு அங்கேதான் நடந்தது. கதையில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனால், அவள் போன சத்தம் அடங்கும்வரை அவன் அடுத்த வரிக்குப் போகமாட்டான். சில சமயம் அது அடங்கச் சாயங்காலம் ஆகிவிடும். அவன் அம்மா மேகலா வாயுத்தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

அந்த மாதம் லால்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண் பெயர் தாரிகா. பொழுதுபோக்கு: பேஸ்பால். பக்கத்திலேயே 'உறுதி செய்யப்பட்டது' என்ற பச்சை முத்திரை. எதிர்பார்ப்பு: வாசிக்கிற பையனாக இருக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

"பேஸ்பாலா? அது நம்ம ஊர்ல எங்கடா ஆடறாங்க?" என்றார் அப்பா சுகுமார்.

"அமெரிக்காவுலப்பா."

"அப்ப இந்தப் பொண்ணு?"

"லால்குடியில இருந்து பாக்குது போல."

திருமண நடுவத்தின் விதிப்படி முதலில் தொலைபேசியில் பேச வேண்டும். பேசியதன் சுருக்கத்தை எந்திரம் எழுதி இரண்டு வீட்டுக்கும் அனுப்பும்.

"ஹலோ" என்றான் யுகேந்திரன்.

"ஹலோ" என்றாள் தாரிகா.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சத்தமில்லை. அவள் வீட்டில் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. அது அடங்கியது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

"நானும் இருக்கேன்."

மறுபடியும் குக்கர்.

"பேஸ்பால்னு போட்டிருந்தீங்க. அதுல என்ன நடக்கும்?"

"பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது."

"நல்லாருக்கே."

"ஆமா. பந்து போடறவரு நின்னு யோசிப்பாரு. மட்டை வெச்சிருக்கறவரும் யோசிப்பாரு. மத்தவங்க எல்லாம் இவங்க யோசிக்கறதப் பாத்துட்டு நிப்பாங்க. தூரத்துல ஒரு ஆள் புல்லப் புடுங்கிட்டிருப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் பந்து போடுவாரு. அது கொஞ்ச நேரம்தான்."

அவளுடைய அண்ணன் அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் இருந்தான். அந்த ஊர் அணியின் பெயர் நாரைகள். அவன் கட்டிய சந்தாவில் லால்குடி வீட்டுத் தொலைக்காட்சியில் விடியற்காலையில் நாரைகள் தோற்றுக்கொண்டிருந்தன.

"வாசிக்கிற ஆளா இருக்கணும்னு ஏன் கேட்டீங்க?"

அவள் யோசித்தாள். அவன் காத்திருந்தான். காத்திருப்பது சிரமமாகவே இல்லை.

"வாசிக்கிறவங்க பக்கத்துல பேசாம உக்காந்திருக்கலாம்ல" என்றாள். "என்ன யோசிக்கறேன்னு கேக்க மாட்டாங்க."

யுகேந்திரன் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல உரையாடல் நடந்ததில்லை. போனை வைத்ததும் சுருக்கம் வந்தது. பேசப்பட்ட பொருள்: புல்.

"புல்லப் பத்தி என்னடா பேச்சு?" என்று அப்பா கவலையோடு கேட்டார். அவன் சுவரைப் பார்த்தான். சுவரின் கறையில், வரைபடத்தின் தென்கோடியில், ஒருவன் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

*

தில்லைநகரில் ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது இருமனம் திருமண நடுவம். அங்கே சரிபார்ப்பு அலுவலர் ஜெயசுதா. படியேறி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே கீழே ஜாங்கிரி வாங்கியிருக்கிறார்களா, வாங்கப் போகிறார்களா என்று சொல்லக்கூடியவர். யுகேந்திரன் இரண்டு வாரம் கட்டியிருந்த மெய்யைக் கழற்றிக் கொடுத்தான். அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, வாசிப்பு வரல" என்றார் ஜெயசுதா.

"வரலன்னா?"

"புக்கு கையில இருக்கு. கண்ணு அதுல இல்ல. பக்கம் திரும்பவே மாட்டேங்குது."

"மேடம், அவன் பொழுதன்னிக்கும் புக்கும் கையுமாத்தான் இருப்பான்" என்றார் மேகலா.

"நான் இல்லைங்கலம்மா. இது ரெண்டு விஷயம்தான் பாக்கும். கண்ணு எங்க இருக்கு, உடம்பு எப்ப சந்தோஷப்படுது. ரெண்டும் ஒரே இடத்துல சேந்துச்சுன்னா அதுதான் பொழுதுபோக்கு. தம்பிக்கு சந்தோஷம் நிறையவே இருக்கு. இவ்ளோ நிதானமா நான் யாருக்குமே பாத்ததில்ல. ஆனா அப்பல்லாம் கண்ணு..."

"கண்ணு?"

"சுவத்துல இருக்கு."

அவர் திருப்பிக் காட்டிய தாளில் அச்சாகியிருந்தது. பொழுதுபோக்கு: சுவர் பார்த்தல். உறுதி செய்யப்பட்டது.

"எந்தச் சுவரு?" என்று கேட்டார் சுகுமார்.

"ஹால்ல, கிழக்குப் பக்கம் சார்."

"ஈரம் இறங்கியிருக்கே, அதா? வெள்ளையடிச்சிரலாம்னு நான் அப்பவே சொன்னேன். யார் கேட்டா?"

மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மேடம், கூட ஏதாவது சேத்துக்கலாமா? சுவர் பார்த்தல், இசை கேட்டல்னு?"

"இசை வரலயேம்மா."

"சொந்தக்காரங்ககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? பையன் என்ன பண்றான்? சுவத்தப் பாக்கறான். எப்ப நிறுத்துவான்? தெரியாது."

ஜெயசுதா குரலைத் தாழ்த்தினார். "லால்குடிக்கு இன்னும் அனுப்பல. இன்னொரு தடவை கட்டிப் பாக்க விதியில இடம் இருக்கு. ரெண்டாவது தடவையும் எழுதினது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னா 'முரண்'னு முத்திரை விழுந்துரும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு எந்த வரனும் பாக்க முடியாது. அந்தப் பொண்ணு கேட்டதே ஒண்ணே ஒண்ணு. யோசிச்சுக்குங்க தம்பி."

யோசிக்க எதுவுமில்லை. யுகேந்திரனுக்குத் தாரிகா வேண்டும். அதற்கு அவன் வாசகன் என்று நிரூபிக்க வேண்டும். அவன் அறிந்தவரை ஊரில் அவன் ஒருவன்தான் வாசகன் என்பது மெய்க்குத் தெரியவில்லை.

*

முன்பு அபாகஸ் வகுப்புகள் இருந்த இடங்களிலெல்லாம் இப்போது ரசனைப் பயிற்சி நிலையங்கள் இருந்தன. சுகுமார் அழைத்துவந்த பூவராகன் மாஸ்டரும் அபாகஸ் நடத்தியவர்தான். மாணவன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர் வரும்படி அவனைத் திருப்பி வைத்தார். கையில் ஒரு அடிஸ்கேல்.

"கண்ணு கீழ!" என்று தட்டுவார். "பக்கம்!"

"சார், இப்பதான் அந்த வீட்ல விளக்கு அணைஞ்சுது..."

"அணையட்டும். அடுத்த பக்கம் போங்க. அங்க வேற விளக்கு இருக்கும்."

"அவரு ஏன் அணைச்சாருன்னு..."

"அது அவரு வீட்டு விஷயம். பக்கம்!"

யுகேந்திரன் பிடிவாதக்காரன் இல்லை. கற்றுக்கொண்டான். வருஷக்கணக்காக அலமாரியில் காத்திருந்த புத்தகங்களையெல்லாம் முடித்தான். யார் செத்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் உடனே சொன்னான். மேகலா பக்கத்து வீட்டுக்காரர்களை வரவழைத்து அவன் படிப்பதைத் தூரத்திலிருந்து காட்டினார்.

நடுவில் ஒருநாள் தாரிகா பேசினாள்.

"ஹலோ" என்றாள். பிறகு வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

முன்பு என்றால் அவனும் அப்படியே இருந்திருப்பான். இப்போது அந்த அமைதியில் அடிஸ்கேல் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை கட்டிய மெய் கையில் இருந்தது. சுருக்கம் எழுதும் எந்திரம் எங்கோ காத்துக்கொண்டிருந்தது. அவன் சட்டென்று பேச ஆரம்பித்தான். ஒரு நாவலின் கதையைச் சொன்னான். இன்னொன்றின் கதையைச் சொன்னான். அது முடிந்ததும் முதல் நாவலில் விட்டுப்போன பகுதியைச் சொன்னான். அவள் "ம்" என்றாள். "ம்" என்றாள். கடைசியில், "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

சுருக்கம் வந்தது. பேசப்பட்ட பொருள்: இலக்கியம். சுகுமார் அதை உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் போன பிறகு யுகேந்திரன் நாற்காலியைத் திருப்பிப் போட்டான். பழைய புத்தகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு போகும் பெண் இருக்கும் பக்கத்தை எடுத்தான். படித்தான். விரலை உள்ளே வைத்து மூடினான். நிமிர்ந்தான்.

எதிரே சுவர் இருந்தது. அதில் ஈரக்கறை இருந்தது. தொட்டியைச் சரி செய்தால் அது நின்றுவிடும்.

வெகுநேரம் பார்த்தான். அந்தப் பெண் வரவில்லை. கதவு இல்லை. தென்கோடியில் புல் பிடுங்குகிறவனும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தான் பார்ப்பதை மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இதை யாரிடம் சொல்வது? வீட்டில் யாராவது இறந்தால் துக்கம் கேட்க வருவார்கள். ஒருவனுக்குச் சுவர் வெறும் சுவராகிவிட்டது என்றால் யார் வருவார்கள்?

மேகலா ஓமத்தண்ணீரோடு வந்தார். இந்தத் தடவை அவனுக்கு அது தேவைப்பட்டது. வாங்கிக் குடித்தான்.

*

"வாசிக்கிறீங்க தம்பி. சந்தேகமே இல்ல" என்றார் ஜெயசுதா, இரண்டாவது முடிவைப் பார்த்தபடி. "ஆனா உங்களுக்குப் பிடிக்கல."

"சுவரு?" என்று மெதுவாகக் கேட்டான் யுகேந்திரன்.

"அதுவும் வரல. ஒண்ணுமே வரல. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளு மாதிரி இருக்கு."

மேகலா விசும்பினார். ஜெயசுதாவுக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத்தரகு வேலையில் மனசு கேட்காமல் போவது நல்லதல்ல என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் 'முரண்' முத்திரையைக் குத்தாமல் ஒரு யோசனை சொன்னார்.

"மொத தடவை உங்க சந்தோஷத்துக்கு இதுல வந்த கோடு அவ்ளோ அழகா இருந்துச்சு. அதே மாதிரி கோடு வேற யாருக்காவது இருக்கான்னு தேடிப் பாக்கறேன். அவங்களுக்கு ஏதாவது கௌரவமான பேரு கொடுத்திருப்பாங்க. தியானம், ஓவியம்னு. அதையே உங்களுக்கும் போட்டுக்கலாம்."

தேடினார். திரை முழுக்கச் சிவந்தது. ஒரே நபர், இரண்டு பதிவுகள் என்று எழுத்து மின்னியது. இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே கோடு என்றுதான் தோன்றியது.

"தாரிகா, லால்குடி" என்று படித்தார் ஜெயசுதா. அவர் முகம் மாறியது. "இந்தப் பொண்ணு உண்மையில யாரு?"

"நாங்க பாத்து வெச்சிருக்கிற பொண்ணு!" என்றார் மேகலா.

"இல்லம்மா. இது சொல்றதப் பாத்தா அது உங்க பையன்தான்."

"மேடம், நாங்க போட்டோ பாத்தோம்" என்றார் சுகுமார். "மீசை இல்ல."

"போட்டோ யார் வேணா வெக்கலாம் சார். கைரேகை மாதிரி ஆளுக்கு ஆளு இது மாறும், ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்கவே இருக்காதுன்னு எங்களுக்குப் பாடமே எடுத்தாங்க. போன வருஷம் ஒரு ஆளு மூணு பேர்ல பதிஞ்சு மூணு நிச்சயதார்த்தம் பண்ணிக்கிட்டான். அதுலேர்ந்து இப்படி ஒரு விதி. ரெண்டு பேரும் ஒரே அறையில மெய்யக் கட்டிட்டு உக்காரணும். குறிச்ச நேரத்துக்குள்ள கோடு பிரியணும். பிரியலேன்னா ரெண்டு பதிவையும் அழிச்சிருவாங்க. நிரந்தரமா."

"ஜாதகத்துல பத்துக்குப் பத்துப் பொருத்தம்னா கோயிலுக்கு அர்ச்சனை பண்ணுவாங்க" என்றார் சுகுமார். "இங்க கேஸ் போடறீங்களே."

*

ஆகவே அவர்களுடைய பெண் பார்க்கும் சடங்கு மறுநாள் இனிப்புக் கடை மாடியில், விசாரணையாக நடந்தது.

தாரிகா ஒரு நாரை படம் போட்ட தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா கோமதி கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"லால்குடியிலயே பேஸ்பால் ரசிகை எம் பொண்ணு ஒருத்திதாங்க. நேத்துப் போன்ல சொல்றீங்க, இவரு சுவத்தப் பாக்கறவருன்னு. அதுவும் இதுவும் எப்படிங்க ஒண்ணாகும்?"

யுகேந்திரன் தரையைப் பார்த்தான். தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

தாரிகா அவனைப் பார்த்துக் கேட்டாள். "எந்தச் சுவரு?"

அப்பா கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவள் வெள்ளையடிப்பதற்காகக் கேட்கவில்லை.

"வீட்டு ஹால்ல. ஈரம் இறங்கியிருக்கும்."

"என்ன தெரியும் அதுல?"

"முன்னாடி நிறையத் தெரியும். நீங்க சொன்ன புல்லு புடுங்கற ஆளுகூட வந்தான். இப்ப ரெண்டு வாரமா ஒண்ணும் தெரியல."

அவள் தலையசைத்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது போல.

"மேடம்" என்று ஜெயசுதா பக்கம் திரும்பினாள். "என் கோடு பந்து போடும்போது ஏறுதா, அதுக்கு முன்னாடி ஏறுதான்னு பாருங்க."

ஜெயசுதா பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "முன்னாடி. பந்து போட்டதும் இறங்கிருது."

"எனக்கு அந்த ஆட்டத்தோட ரூல்ஸே தெரியாது மேடம். எல்லாரும் சும்மா நிக்கறாங்கல்ல, அதப் பாக்கறதுதான். எதிர்ல டிவி இருந்துச்சு, பேஸ்பால்னு போட்டுட்டீங்க. இவருக்கு எதிர்ல சுவரு இருந்துருக்கு."

கோமதி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி. சின்ன மாமா தொப்பி வாங்கிக் கொடுத்தாரு. பெரிய மாமா மட்டையே வாங்கிக் கொடுத்தாரு. அதையெல்லாம் என்னடி பண்றது?"

"துணி காயப்போடக் கொடி கட்டலாம்மா."

"அதெல்லாம் சரி" என்றார் ஜெயசுதா. "இப்ப விளங்குது. எனக்கு விளங்கி என்ன? மெஷினுக்கு விளங்கணும். உக்காருங்க ரெண்டு பேரும்."

இரண்டு நாற்காலிகள். இரண்டு மணிக்கட்டுகளிலும் மெய். திரையில் இரண்டு கோடுகள் தொடங்கின. தொடங்கியதுமே ஒட்டிக்கொண்டன.

"சண்டை போடுங்க" என்றார் ஜெயசுதா.

"எதப் பத்தி?"

"கட்டிக்கப் போறவங்களுக்கு சண்டை போட விஷயமா இல்ல? சாப்பாடு. சாப்பாட்டுல ஆரம்பிங்க."

தாரிகா யோசித்தாள். "உங்களுக்கு ரசம் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"எனக்கும் பிடிக்கும்."

"கருவாடு?" என்றான் யுகேந்திரன், ஒரு முயற்சியாக.

"இருந்தா சாப்புடுவேன்."

"நானும் அப்படித்தான்."

ஜெயசுதா நெற்றியில் அடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் பொண்ணு குரல் நல்லால்லன்னு சொல்லுங்க."

"அவங்க அவ்வளவா பேசவே மாட்டாங்களே மேடம்."

சண்டை வராமல் போய்விடவில்லை. அது வேறு இடத்தில் வந்தது.

"எல்லாம் சரியானா கல்யாணம் லால்குடியிலதான்" என்றார் கோமதி, யாரிடமும் இல்லாதது போல.

"அதெப்படி? எங்க பக்கம் மாப்பிள்ளை ஊர்லதான் வெப்போம்" என்றார் மேகலா.

"சுவத்தப் பாக்கற மாப்பிள்ளைக்கு எந்த ஊரா இருந்தா என்னங்க?"

"ரூல்ஸ் தெரியாத ரசிகைக்கும் அப்படித்தாங்க!"

திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாகக் கீழே விழுந்தன. அம்மாக்கள் குரல் உயர உயர, ஒரே வேகத்தில், ஒரே ஆழத்துக்குப் போயின. ஜெயசுதா எழுந்து இரண்டு அம்மாக்களையும் வெளியே அனுப்பினார். சுகுமாரையும் கூட அனுப்பி, கீழே போய் மூவருக்கும் ஜாங்கிரி வாங்கித்தரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

சாத்திய சத்தம் அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தது. யுகேந்திரன் அது அடங்கும்வரை காத்திருந்தான். காத்திருக்கிறோம் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

எதிரே சுவர். தேதி கிழிக்கும் காலண்டர் ஒன்று தொங்கியது. சில நாட்களாக யாரும் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே பழைய ஆணி ஒன்று. அதில் முன்பு ஏதோ மாட்டியிருந்ததற்கு அடையாளமாக, வெளுத்த ஒரு சதுரம். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் எதுவும் கேட்கவில்லை. என்ன யோசிக்கிறான் என்று கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பச் சொல்லவில்லை.

மெல்ல, அந்த வெளுத்த சதுரத்தில், ஒரு கதவு வந்தது. அதைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய புல்வெளி. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. தூரத்தில் ஒருவன் குனிந்தான்.

கோடுகள் ஏறின. ஒட்டியபடியே ஏறின. ஜெயசுதா விரல் நகத்தைக் கடித்தார். நேரம் முடிந்துகொண்டிருந்தது. இன்னும் சற்றுப் போனால் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகி, அந்த ஆளும் அழிந்துபோவான்.

யுகேந்திரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதெல்லாம் தனக்கு மட்டும் தெரிகிறதா, அவளுக்கும் தெரிகிறதா?

திரும்பிப் பார்த்தான்.

தாரிகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி மடியில் இருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. பந்து இன்னும் போடுகிறவர் கையில் இருக்கிறது. எந்த நொடியும் கிளம்பலாம், கிளம்பாமலும் போகலாம். அவளுக்கு இரண்டும் சம்மதம். நெற்றியில் விழுந்த முடியை அவள் ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்படி ஒரு முகத்தை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விரலை எங்கே வைத்து மூடுவது என்று தெரியவில்லை.

ஒரு கோடு மட்டும் பிய்த்துக்கொண்டு மேலே போனது.

"பிரிஞ்சிருச்சு!" என்று கத்தினார் ஜெயசுதா. பொத்தானை அழுத்தினார். திரை பச்சையானது. இரு நபர்கள். உறுதி செய்யப்பட்டது.

சத்தம் கேட்டுத் தாரிகா திரும்பினாள். யுகேந்திரன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு பக்கம் பார்க்க அவனுக்கு நேரம் இருந்தது. பார்க்கவில்லை. அவளும் பார்வையைத் திருப்பவில்லை.

கீழே தனியாகக் கிடந்த கோடு இப்போது அசைந்தது. ஏறத் தொடங்கியது. எங்கே போய்ச் சேரப்போகிறது என்று ஜெயசுதாவுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று திரையை அணைத்தார்.

"இனிமே அது எனக்குத் தேவையில்லாத விஷயம்" என்றார். "கழட்டிக் குடுங்க ரெண்டு பேரும்."

*

கல்யாணம் லால்குடியிலா திருச்சியிலா என்பது முடிவாகச் சில வாரங்கள் ஆயின. கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு மண்டபம் கிடைத்தது. இரண்டு அம்மாக்களுக்கும் அது சமமாகப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். சமையலறை முடித்து, அறைகளை முடித்து, ஹாலுக்கு வந்தான். மூன்று சுவர் அடித்தாகிவிட்டது. கிழக்குச் சுவருக்கு ஏணியை நகர்த்தினான். சுகுமார் தொட்டியைச் சரி செய்துவிட்டதால் ஈரம் காய்ந்து, கறை மட்டும் நின்றிருந்தது.

"இது ரொம்ப அசிங்கமா இருக்கேம்மா. சுரண்டிட்டு ரெண்டு கோட்டு அடிச்சிரட்டுமா?"

மேகலா கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"அத மட்டும் தொடாதப்பா" என்றார். "புள்ள இன்னும் படிச்சு முடிக்கல."